சொன்னவர் யார்?

1945ஆம் ஆண்டு, பெல்ஜியம் ஆண்டுகொண்டிருந்த காங்கோவின் எலிசபெத்வில் நகரில் மெல்லிய நூல் ஒன்று வெளிவந்தது. தலைப்பு ‘பான்டு தத்துவம்’. எழுதியவர் பிளாசித் டெம்பெல்ஸ், பிரான்சிஸ்கன் சபைப் பாதிரியார், பெல்ஜியத்துக்காரர். 1933இல் காங்கோவுக்கு வந்தவர். செம்பும் யுரேனியமும் வெட்டியெடுக்கப்பட்ட கட்டங்கா மாகாணத்தில், பான்டு மொழி பேசும் லூபா மக்களிடையே ஊழியம் செய்துகொண்டிருந்தார். டச்சு மொழியில் அவர் எழுதியதை அந்த நகரத்து வழக்கறிஞர் ஒருவர் பிரெஞ்சுக்கு மாற்றிக் கொடுத்தார். நூலின் பருமனுக்கும் அது கிளப்பிய சச்சரவுக்கும் சம்பந்தமே இல்லை. ஆப்பிரிக்கர்களின் சிந்தனை பற்றி அடுத்த அரை நூற்றாண்டில் எழுத வந்தவர்களில் டெம்பெல்சோடு ஒருமுறையாவது மல்லுக்கட்டாதவர்களைக் காண்பது அரிது.

அவர் சொன்னதன் கனம் விளங்க, அதற்கு முன்பு சொல்லப்பட்டுவந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மானியத் தத்துவவாதி ஹெகல் 1820களில் பெர்லினில் ஆற்றிய விரிவுரைகளில் ஆப்பிரிக்காவை உலக வரலாற்றுக்கு வெளியே நிறுத்திவிட்டு மேலே நகர்ந்தார். பிரெஞ்சு அறிஞர் லூசியன் லெவி-புருல் 1910இலும் 1922இலும் எழுதிய நூல்களில், ‘ஆதிவாசி’களின் மனம் தர்க்கத்துக்கு முந்தைய வேறொரு விதத்தில் இயங்குகிறது என்றார். பாதிரிமார்களும் பயணிகளும் அனுப்பிய அறிக்கைகளைப் பாரிசில் உட்கார்ந்து படித்து எட்டிய முடிவு அது. வாழ்நாளின் கடைசியில் தன் குறிப்பேடுகளில் அந்தப் பிரிவினையை அவரே கைவிட்டார். ஆனால் அவை அச்சேறியது 1949இல். ஆசிரியர் இறந்து 10 ஆண்டுகளுக்குப் பிறகு. அதற்குள் ‘தர்க்கமற்ற மனம்’ ஐரோப்பாவில் படித்தவர்களின் பேச்சில் ஊறிப்போயிருந்தது.

டெம்பெல்ஸ் இதைத் தலைகீழாக்கினார். பான்டு மக்களுக்கு முழுமையான, உள்முரண் இல்லாத தத்துவம் உண்டு என்றார். அவர்களுக்கு இருப்பது என்றாலே ஆற்றல்தான். கடவுள், மூதாதையர், உயிரோடிருக்கும் மனிதர், விலங்கு, செடிகொடி, கல்மண் என எல்லாமே ஆற்றலின் படிநிலைகள். நோய் ஆற்றல் குறைவது, ஆசி ஆற்றல் கூடுவது, சூனியம் ஒருவர் ஆற்றலை இன்னொருவர் உறிஞ்சுவது. இந்தச் சாவியைப் போட்டால் சடங்கு முதல் சட்டம் வரை அத்தனையும் திறக்கும் என்றார் பாதிரியார்.

திறந்த கையோடு ஒரு பூட்டையும் போட்டார். இந்தத் தத்துவத்தை பான்டு மக்களால் தாமாகத் தொகுத்துச் சொல்ல முடியாது. ஐரோப்பியரான நாம்தான் சொல்லிக்காட்ட வேண்டும். கேட்டதும் தங்களைப் புரிந்துகொண்டுவிட்டதாக அவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்பது அவர் நிலை. இந்தக் கருத்து இன்னாருடையது, இதை மறுத்தவர் இன்னார் என்று ஒரு லூபாக்காரரையும் அவர் சிந்தனையாளராக முன்னிறுத்தவில்லை. கேமரூனிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை சில நூறு மொழிகள் பேசும் மக்கள் அனைவருக்கும் ஒரே மனம், ஒரே வாய். அந்த வாயும் பெல்ஜியப் பாதிரியாருடையது. ஆப்பிரிக்கச் சிந்தனை பற்றிய ஆராய்ச்சியின் பின்வந்த வரலாற்றைப் பெருமளவு ஒரே வழக்காகச் சுருக்கலாம்: சொன்னவர் பெயர் எங்கே?

கட்டங்காவின் ஆயருக்கு அந்த நூல் பிடிக்கவில்லை. அஞ்ஞானிகளுக்குத் தத்துவம் இருக்கிறதென்றால் மிஷன் எதற்கு என்ற கவலை. டெம்பெல்ஸ் பெல்ஜியத்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்; சில ஆண்டுகள் கழித்துத்தான் காங்கோ திரும்ப முடிந்தது. நூலுக்கோ பாரிசில் வாழ்வு வந்தது. செனகலைச் சேர்ந்த அலியூன் தியோப் 1947இல் தொடங்கிய ‘பிரெசான்ஸ் அஃப்ரிக்கேன்’ இதழின் பதிப்பகம் 1949இல் அதைப் பதிப்பித்தது. கறுப்பின மாணவர்களும் கவிஞர்களும் அதைக் கொண்டாடினார்கள். நம்மிடமும் தத்துவம் உண்டு என்று ஒரு வெள்ளைக்காரரே எழுதிவிட்டாரே!

மார்த்தினிக் தீவின் கவிஞர் எமே செசேர் மட்டும் சிரித்தார். 1950இல் வெளியிட்ட காலனிய எதிர்ப்பு நூலில் டெம்பெல்சைக் கிழித்துத் தொங்கவிட்டார். பான்டுக்காரன் நல்ல கூலி கேட்கவில்லை, நல்ல வீடு கேட்கவில்லை, சோறு கேட்கவில்லை, தன் இருப்பியலை மதித்தால் போதும் என்கிறானாக்கும் என்பது அவர் கேலியின் சாரம். கேலிக்குப் பின்னால் ரத்தம் இருந்தது. 1941 டிசம்பரில் அதே எலிசபெத்வில்லில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த யூனியன் மினியேர் சுரங்கத் தொழிலாளர்கள்மீது காலனியப் படை சுட்டது, பலர் மாண்டனர். நான்கு ஆண்டுகள் கழித்து அந்நகரில் வந்த தத்துவ நூல், நல்லெண்ணம் கொண்ட ஆட்சியாளர்கள் கறுப்பர்களை எப்படிப் புரிந்துகொண்டு நடத்தலாம் என்று ஆலோசனை சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் செசேரின் கோபம் மிகையாகத் தெரியாது.

டெம்பெல்சின் நூல் வந்த மறு ஆண்டு, இன்றைய மாலி நாட்டில், பான்டியாகரா பாறைச்சரிவுக்கு மேலே உள்ள சங்காவில், பெயர் உள்ள ஒரு மனிதர் இந்தக் கதைக்குள் வந்து சேர்ந்தார். ஒகோதெம்மெலி. டோகோன் இனத்தவர், வேட்டைக்காரர், துப்பாக்கி வெடித்த விபத்தில் பார்வையை இழந்தவர். அவர்தான் பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் கிரியோலுக்கு ஆள் அனுப்பினார் என்கிறது கதை. 1946 அக்டோபரில் தொடங்கி 33 நாள் அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கிரியோல் கேட்டுக்கொண்டிருந்தார். கோகெம் என்ற டோகோன் சார்ஜெண்ட் மொழிபெயர்த்தார். 1948இல் ‘நீர்க்கடவுள்’ வெளிவந்தது. உலகத்தின் பிறப்பு, தானியக் குதிரின் வடிவத்தில் ஒளிந்திருக்கும் பிரபஞ்சம், நெசவும் பேச்சும் ஒன்றாகும் இடம் என்று கிழவர் சொன்னவை கிரேக்கர்களின் படைப்புக் கதைகளோடு தோள் தொடும் என்றார் கிரியோல்.

கிரியோல் அந்தப் பகுதிக்குப் புதியவர் அல்ல. 1931 முதல் 1933 வரை டக்காரிலிருந்து ஜிபூட்டி வரை கண்டத்தைக் குறுக்காகக் கடந்த ஆய்வுக் குழுவின் தலைவர் அவர். சுமார் 3,500 பொருட்களோடு அந்தக் குழு பாரிஸ் திரும்பியது. எல்லாம் விலைகொடுத்து வாங்கியவையல்ல. குழுவின் செயலராகப் போன எழுத்தாளர் மிஷல் லெரிஸ், ஊர்க் கோயில்களிலிருந்து புனிதப் பொருட்களை மிரட்டி எடுத்ததையும் திருடியதையும் நாட்குறிப்பில் அப்படியே எழுதி 1934இல் அச்சிட்டுவிட்டார். கிரியோலுக்கும் அவருக்கும் இடையே இருந்த நட்பு அதோடு முறிந்தது. அருங்காட்சியகத்துக்காகப் பொருள் அள்ளிய கைகள் 15 ஆண்டுகளுக்குப் பிறகு சொல்லை அள்ளின என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் டெம்பெல்ஸ் செய்யாததை கிரியோல் செய்தார்: சொன்னவர் இன்னார் என்று எழுதினார், அவர் கண் போன கதையை எழுதினார், முற்றத்தையும் எழுதினார். அந்த அளவில் அவர் நேர்மையானவர்.

சறுக்கல் அடுத்த அடியில். ஒகோதெம்மெலி சொன்னதெல்லாம் டோகோன் மக்கள் அனைவரின் அறிவு. கிழவர் அதன் பாதுகாவலர் மட்டும் என்று கிரியோல் எடுத்துக்கொண்டார். நெதர்லாந்தின் மானுடவியலாளர் வால்டர் வான் பேக் அதே சங்கா வட்டாரத்தில் ஆண்டுக்கணக்கில் பணியாற்றிவிட்டு, 1991இல் ஒரு கட்டுரை எழுதினார். கிரியோல் எழுதிய படைப்புக் கதையை அறிந்த டோகோன்காரர் எவரையும் காண முடியவில்லை என்றார். கிரியோலின் மகள் உட்படப் பலர் கொதித்தெழுந்தார்கள். கேள்வி கேட்கும் பிரெஞ்சுக்காரரும், அவரைத் திருப்திப்படுத்த விரும்பிய புத்திசாலிகளும் சேர்ந்து வளர்த்த கதை என்பது வான் பேக்கின் முடிவு. இன்னொரு சாத்தியமும் இருக்கிறது. ஊர் நம்பிக்கைகளை எடுத்துத் தன் போக்கில் புதிதாக ஒன்றைக் கட்டிய சிந்தனையாளராக ஒகோதெம்மெலியே இருந்திருக்கலாம். அப்படியானால் கிரியோல் அவருக்குச் செய்த அநியாயம், அவர் பெயரைச் சொல்லிவிட்டு உரிமையை ஊருக்கு எழுதிவைத்தது.

1960கள் விடுதலையின் காலம். நாடுகள் ஒவ்வொன்றாகக் கொடியேற்றின; பல்கலைக்கழகங்களில் முதல் தலைமுறை ஆப்பிரிக்கப் பேராசிரியர்கள் நாற்காலியில் அமர்ந்தார்கள். வரலாற்றுத் துறை முந்திக்கொண்டது. நைஜீரியாவின் கென்னத் ஓன்வுகா டிக்கே நைஜர் கழிமுகத்தின் வணிக வரலாற்றை 1956இல் வெளியிட்டு, வாய்மொழிச் சான்றையும் ஆவணத்தோடு சேர்த்து எடைபோடலாம் என்று காட்டியிருந்தார். 1968இல் நைரோபியில் கூகி வா தியாங்கோவும் தபான் லோ லியோங்கும் ஹென்றி ஓவூர்-அன்யும்பாவும் ஆங்கில இலக்கியத் துறையையே கலைத்துவிடுங்கள் என்று குறிப்பு எழுதிக்கொடுத்தார்கள். தத்துவக்காரர்கள் கொஞ்சம் தாமதமாக வந்தார்கள். வந்ததும் முதலில் சொந்த வீட்டோடுதான் சண்டை.

சண்டையைக் கூர்மையாக்கியவர் பௌலின் ஹூன்டோன்ஜி. 1942இல் பிறந்த பெனின் நாட்டுக்காரர்; பாரிசின் எகோல் நொர்மாலில் மார்க்சியத் தத்துவவாதி அல்தூசரிடம் படித்தவர்; ஜெர்மானியத் தத்துவவாதி ஹுஸ்ஸர்ல் பற்றி ஆய்வு செய்தவர். 1970களின் தொடக்கத்தில் காங்கோவில் பாடம் நடத்தினார். கின்ஷாசாவில் கொஞ்ச காலம், பிறகு லுபும்பாஷியில். லுபும்பாஷி என்பது டெம்பெல்சின் நூல் பிறந்த எலிசபெத்வில்தான். விடுதலைக்குப் பின் பெயர் மாறியிருந்தது. 1976இல் வந்த அவருடைய நூல் டெம்பெல்சையும், ருவாண்டாவின் மொழி இலக்கணத்திலிருந்தே ஒரு தத்துவத்தை உருவியெடுத்த பாதிரியார் அலெக்சிஸ் ககாமேயையும், அவர்கள் வழிவந்தவர்களையும் ஒரே கூட்டில் அடைத்தது. இதெல்லாம் இனவரைவியல் போட்டுக்கொண்ட தத்துவ வேடம் என்றார். ஒரு கிராமமே, ஒரு இனமே, ஒரு கண்டமே ஒன்றுபோல் யோசிக்கும் என்ற நினைப்பு ஐரோப்பியர்களின் கற்பனை. அதை ஆப்பிரிக்கர்களும் பெருமையாகச் சுமக்கிறார்கள் என்று சாடினார். அவர் கொடுத்த வரையறை வறண்டது, வேண்டுமென்றே வறண்டது: ஆப்பிரிக்கர்கள் எழுதிய, எழுதியவர்களே தத்துவம் என்று கருதிய நூல்களின் தொகுதிதான் ஆப்பிரிக்கத் தத்துவம்.

இதே காலத்தில் கானாவின் க்வாசி விரெடு இன்னொரு பக்கத்திலிருந்து கையை வைத்தார். ஆப்பிரிக்கக் கிராமத்து நம்பிக்கையை எடுத்து ஐரோப்பிய விஞ்ஞானத்தோடு ஒப்பிடுகிறீர்களே, ஐரோப்பியக் கிராமத்து நம்பிக்கையோடு அல்லவா ஒப்பிட வேண்டும் என்று கேட்டார். எளிய கேள்வி. அதைக் கேட்க அத்தனை ஆண்டுகள் ஆனதுதான் வியப்பு.

எழுத்தும் பெயரும்தான் அளவுகோல் என்றால் யாரெல்லாம் தேறுவார்கள்? ஹூன்டோன்ஜி கைகாட்டியவர்களில் ஒருவர் அன்டன் வில்ஹெல்ம் அமோ. இன்றைய கானாவின் ஆக்சிம் பகுதியில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர். டச்சு மேற்கிந்தியக் கம்பெனி சிறுவனாகவே ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுபோக, ஜெர்மானியப் பிரபு ஒருவர் வீட்டுக்குப் ‘பரிசாக’ப் போய்ச் சேர்ந்தார். ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்து, ஐரோப்பாவில் கறுப்பர்களின் சட்ட உரிமை பற்றி 1729இல் வாதிட்டார். அந்த உரை காணாமல் போய்விட்டது. 1734இல் விட்டன்பர்க்கில், உணர்வது உடலே தவிர மனம் அல்ல என்று லத்தீனில் ஆய்வேடு எழுதினார். ஹாலேயிலும் யேனாவிலும் பாடம் நடத்திவிட்டு, 1740களின் கடைசியில் பிறந்த கரைக்கே திரும்பினார். அவருடைய நூல்களைப் படிக்க அந்தக் கரையில் யாரும் இல்லை. ஆப்பிரிக்கர் எழுதியது, ஐரோப்பியர் படித்தது. இதில் ஆப்பிரிக்காவுக்குள் விவாதம் எங்கே நடந்தது என்ற உறுத்தல் ஹூன்டோன்ஜியையும் விடவில்லை.

இன்னொரு பெயர் இதைவிடச் சிக்கலானது. எத்தியோப்பியாவின் செரா யாக்கோப். அக்சும் நகருக்கு அருகே 1599இல் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் என்றும், கத்தோலிக்கத்தைத் தழுவிய மன்னர் சுசென்யோசின் காலத்தில் உயிருக்குப் பயந்து இரண்டு ஆண்டு குகையில் ஒளிந்திருந்தார் என்றும், 1667இல் தன் சீடருக்காக கீஸ் மொழியில் ‘ஹத்தாத்தா’ என்ற நூலை எழுதினார் என்றும் அந்த நூலே சொல்கிறது. ஒவ்வொரு மதமும் தன்னதே உண்மை என்கிறது, யாரை நம்புவது என்று குகையில் யோசிக்கிறார். கடவுள் தந்த பகுத்தறிவை வைத்தே எல்லாவற்றையும் உரசிப்பார்ப்பேன் என்று முடிவெடுக்கிறார். துறவிகளின் பிரம்மச்சரியம், பலதார மணம், மனிதரை விலைக்கு விற்பது எதுவும் அந்த உரைகல்லில் தேறவில்லை. வீட்டு வேலைக்காரியான ஹிரூத்தை மணந்து, அவள் இனி ஊழியக்காரி அல்ல, கணவனும் மனைவியும் சமம் என்கிறார். ஐரோப்பாவில் தெகார்த் எழுதிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டு. ஆப்பிரிக்காவுக்குத் தத்துவம் உண்டா என்று கேட்டவர் வாயை அடைக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

கையெழுத்துப்படி பாரிசின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அங்கே சேர்ந்த வழிதான் தலைவலி. 1850களில் எத்தியோப்பியாவில் இருந்த இத்தாலியக் கப்புச்சின் பாதிரியார் ஜுஸ்தோ தா உர்பினோ, சுவடி சேகரித்துவந்த அந்த்வான் தபாடிக்கு அனுப்பிய பிரதி அது. அதற்கு முந்தைய பிரதி எதுவும் அகப்படவில்லை. 1904இல் அச்சில் வந்தபோது அறிஞர்கள் மகிழ்ந்தார்கள். 1920இல் இத்தாலியின் கார்லோ கொன்டி ரொஸ்ஸினி குண்டைத் தூக்கிப்போட்டார்: எழுதியவர் அந்தப் பாதிரியாரேதான். எத்தியோப்பியர் ஒருவர் எழுதிவைத்த வாக்குமூலம் அவருக்குக் கிடைத்திருந்தது. பாதிரியாரின் இயற்பெயர் ஜாக்கோப்போ, அதாவது யாக்கோப், என்பதும் அவர் கண்ணில் பட்டது. 1970களில் அடிஸ் அபாபா பல்கலைக்கழகத்தின் கனடியப் பேராசிரியர் கிளாட் சம்னர் பாதிரியாரின் கடிதங்களையும் நூலையும் வரிவரியாக ஒப்பிட்டு, இரண்டும் ஒரே கை எழுதியவை அல்ல என்று வாதாடினார். எத்தியோப்பிய அறிஞர்கள் பலர் அவர் பக்கம் நின்றார்கள். 2013இல் பிரெஞ்சு வரலாற்றாளர் அனாயிஸ் வியோன் வழக்கைத் திரும்பவும் பிரித்து, பாதிரியார் பக்கமே விரலை நீட்டினார். 2023இல் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. வழக்கு இன்னும் தீரவில்லை.

டெம்பெல்ஸ் ஆப்பிரிக்கர்களின் சிந்தனையைப் பெயரில்லாமல் எழுதினார் என்றால், கொன்டி ரொஸ்ஸினி சொல்வது உண்மையானால் ஜுஸ்தோ ஐரோப்பியனின் ஐயங்களுக்கு ஆப்பிரிக்கப் பெயர் சூட்டியிருக்கிறார். தன் சபைக்குள் வாய் திறந்து சொல்ல முடியாததை இன்னொருவர் வாயில் வைத்திருக்கிறார். எந்தப் பக்கம் தீர்ப்பானாலும் நூலின் வாதங்கள் வலுவிழக்கப்போவதில்லை. ஆனாலும் சண்டையின் சூடு வாதங்களால் வந்ததில்லையே, கையெழுத்தால் வந்தது.

நைரோபியில் இதே கேள்விக்கு வேறு வழியில் விடை தேடினார் ஹென்றி ஓடேரா ஒருகா. 1944இல் மேற்குக் கென்யாவில் லுவோ இனக் குடும்பத்தில் பிறந்தவர். ஸ்வீடனின் உப்சாலாவுக்கு அறிவியல் படிக்கப் போய்த் தத்துவத்துக்குத் தாவியவர். 1970இல் நைரோபி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். எழுத்தில்லாவிட்டால் தத்துவமில்லை என்ற ஹூன்டோன்ஜியின் கறாரும் அவருக்கு ஒப்பவில்லை, ஊரே சேர்ந்து யோசிக்கும் என்ற டெம்பெல்சின் கனவும் ஒப்பவில்லை. சாக்ரட்டீசும் ஒரு வரி எழுதியவர் இல்லையே என்பது அவர் பிடி.

1974இல் தொடங்கிய அவருடைய திட்டம் எளிமையானது. ஓர் ஊருக்குப் போவது. இங்கே விவரமான ஆள் யார் என்று ஊராரையே கேட்பது. அவர்கள் காட்டும் பெரியவரிடம் போய் உட்கார்ந்து, டேப் ரெக்கார்டரை ஓடவிட்டு, அவர் மொழியிலேயே கேட்பது: கடவுள் உண்டா? சாவு என்பது என்ன? ஆணும் பெண்ணும் சமமா? சுதந்திரம் என்றால்? முதல் சுற்றில் எல்லோரும் ஊர் வழக்கத்தைச் சொல்வார்கள். அடுத்த கேள்வியில்தான் விஷயமே: சரி, ஊர் அப்படிச் சொல்கிறது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? வழக்கத்தைத் திறம்படச் சொல்பவர் ஊர்ச் சான்றோர். வழக்கத்திலிருந்து விலகி நின்று காரணத்தோடு ஏற்பவர் அல்லது மறுப்பவர் தத்துவச் சான்றோர். இந்தக் கணக்கில் ஒகோதெம்மெலிக்குத் தத்துவச் சான்றோர் பட்டம் மறுக்கப்பட்டது. ஊரின் கதையை அழகாகச் சொன்னார், அதை எதிர்த்து ஒரு கேள்வி கேட்கவில்லையே என்றார் ஒருகா. கிழவர் உயிரோடிருந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும் இந்த அளவுகோல்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

கிடைத்த பதில்கள் சுவையானவை. லுவோ சங்கத்தின் தலைவராக இருந்த பால் எம்புயா அகோகோ, தன் மக்கள் தங்களுக்கென்று தனிக் கடவுள் இருப்பதாக நினைத்தது பிழை என்றார். கடவுள்கள் பலர் இருந்தால் அவர்களுக்குள் சண்டை வந்து இயற்கை தாறுமாறாகிப் போயிருக்கும். நாய் நாயைத்தானே ஈனுகிறது, பூனையை அல்லவே. ஆகவே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எப்படிப்பட்டவர் என்பது தனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது என்றும் சேர்த்துக்கொண்டார். என்ஜெரு வா கின்யென்ஜே என்ற பெரியவர் இன்னும் ஒரு படி மேலே போனார். கடவுள் இருக்கிறார் என்று மனிதர்கள் ஏன் நம்புகிறார்கள் என்பதே தனக்கு விளங்கவில்லை என்றார். மந்திரவாதியிடமும் போவதில்லை, தொழுவதும் இல்லை. மதம் வெள்ளைக்காரனின் சூனியம், அவ்வளவுதான். ஆப்பிரிக்கர்கள் பிறவியிலேயே பக்திமான்கள் என்று எழுதிக்குவித்த பேராசிரியர்கள் இந்தப் பக்கத்தைப் படித்து நெளிந்திருக்க வேண்டும். ஒருகா தன் அப்பாவையும் விடவில்லை. ஒருகா ரங்கின்யாவின் பேட்டியும் நூலில் இருக்கிறது. ‘சான்றோர் தத்துவம்’ 1990இல் வெளிவந்தபோது பெரியவர்கள் அவரவர் பெயரோடு, கேள்வி ஒருபுறம் பதில் ஒருபுறமாக அச்சானார்கள்.

திட்டத்தின் ஓட்டைகளை முதலில் சுட்டியவர்களும் ஆப்பிரிக்கர்களே. நைஜீரியாவின் பீட்டர் போதுன்ரின் 1981இல் கேட்டார்: தத்துவம் படித்த பேராசிரியர் தூண்டித் துருவிக் கேட்டபின் பிறந்த பதில் கிழவருடையதா, பேராசிரியருடையதா? கிரியோல்மீது வான் பேக் பின்னாளில் சுமத்திய குற்றத்தின் நிழல் இதில் முன்கூட்டியே விழுகிறது. இன்னொரு குறை கண்ணுக்கு நேரே இருந்தது. ஊர் கைகாட்டிய விவரமானவர்கள் ஏறத்தாழ எல்லோரும் ஆண்கள். ஆணும் பெண்ணும் சமமா என்ற கேள்வி ஆண்களிடமே கேட்கப்பட்டது.

நைஜீரியாவின் இஃபே பல்கலைக்கழகத்தில் ஓலுபி சோதிப்போவும் அமெரிக்கரான பேரி ஹாலனும் யொரூபா மருத்துவர்களோடு ஆண்டுக்கணக்கில் உரையாடி 1986இல் நூல் வெளியிட்டார்கள். அறிவு எது, நம்பிக்கை எது என்பதில் அந்த மருத்துவர்கள் ஐரோப்பியப் பேராசிரியர்களைவிடக் கறாரானவர்கள். கண்ணால் கண்டு, உணர்ந்து தெளிந்ததுதான் அறிவு; பிறர் சொல்லிக் கேட்டதும் புத்தகத்தில் படித்ததும் நம்பிக்கைக் கணக்கில்தான் சேரும். அவர்கள் அளவில் பள்ளிக்கூடப் படிப்பில் பெரும்பகுதி நம்பிக்கை. இத்தனை கூர்மையான மனிதர்களின் பெயர்கள் அந்த நூலில் இல்லை. சொன்னவர் பெயரைப் போடுவதுதான் மரியாதை என்று நைரோபி கருதியபோது, இஃபேயில் தனிமனிதப் பெயர் ஓரமாக நின்றுகொண்டது. ஹூன்டோன்ஜியும் மெல்ல இளகினார். 1994இல் அவர் தொகுத்த நூல் மழை வருவிப்பது, எண்ணும் முறை, குறிசொல்லும் முறை என எழுத்துக்கு வெளியே இருந்த அறிவுகளை எடுத்துப் பரிசீலித்தது. அவற்றை வியந்து போற்றாமல், எது தேறும் எது தேறாது என்று சோதிக்க வேண்டும் என்ற பழைய கறார் மட்டும் மாறவில்லை.

ஊரின் வழக்கமும் தனிமனிதரின் எண்ணமும் வேறுவேறு என்று சொல்லிவந்த ஒருகாவுக்கு 1987இல் நீதிமன்றத்தில் சோதனை வந்தது. எஸ்.எம். ஒட்டியெனோ நைரோபியின் பெயர்பெற்ற வழக்கறிஞர், லுவோ. 1986 டிசம்பர் 20 அன்று இறந்தார். மனைவி வம்பூயி ஒட்டியெனோ கிக்குயு இனத்தவர். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் போராட்டத்தில் பங்கெடுத்தவர். கணவரை நைரோபிக்கு அருகே, தங்கள் சொந்த நிலத்தில் அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தார். உமிரா காகெர் குலத்தார் மறுத்தார்கள்: லுவோ ஆணின் உடல் பிறந்த ஊரான நியால்குங்காவில்தான் புதைய வேண்டும். உடல் சவக்கிடங்கில் கிடக்க, வழக்கு மாதக்கணக்கில் நடந்தது. தினமும் நீதிமன்ற வாசலில் கூட்டம். செய்தித்தாள்கள் சாட்சியங்களை வரிவிடாமல் அச்சிட்டன. அவர் பட்டணத்து மனிதர், நவீன மனிதர், பழைய வழக்கம் அவரைக் கட்டாது என்று மனைவியின் வழக்கறிஞர் வாதிட்டார். குலத்தின் தரப்பில் குழிவெட்டுபவர் ஒருவர் சாட்சி சொன்னார். தன்னைச் சொந்த ஊரில்தான் புதைக்க வேண்டும் என்று எஸ்.எம். தன்னிடம் சொல்லியிருந்ததாகக் கூறினார். அதே தரப்பில், லுவோ வழக்கம் அறிந்த வல்லுநராகக் கூண்டில் ஏறியவர் பேராசிரியர் ஓடேரா ஒருகா.

1987 மே 15 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் குலத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எங்கே வாழ்ந்தாலும், என்ன படித்தாலும் ஒரு லுவோ தன் குலத்தின் வழக்கத்தை உதறிவிட முடியாது என்பது தீர்ப்பின் போக்கு. இறந்து ஐந்து மாதங்களுக்குப் பிறகு, மே 23 அன்று, நியால்குங்காவில் எஸ்.எம். அடக்கம் செய்யப்பட்டார். மனைவி போகவில்லை. ஒரு குலத்தின் வழக்கம் எது, அதைச் சொல்லும் உரிமை யாருக்கு, அதை யார் சொன்னால் நீதிமன்றம் நம்புகிறது என்று அந்த வழக்கை அலசி டேவிட் வில்லியம் கோஹனும் கென்யாவின் அட்டியெனோ ஓதியாம்போவும் எழுதிய நூல் 1992இல் வந்தது. ஒருகா 1995 டிசம்பரில் நைரோபியில் சாலை விபத்தில் இறந்தார். வம்பூயி ஒட்டியெனோ தன் கதையைத் தானே எழுதினார். ‘மாவ் மாவின் மகள்’ 1998இல் வெளிவந்தது. அந்த வழக்கின் கதை அதில் அவர் பார்வையில், அவர் பெயரில் இருக்கிறது.